இரண்டாம் பக்கத்தில் எமிலி

என் மனைவி எமிலி இறந்த பிறகு ஓர் இசைத்தட்டில் குடியிருக்கிறாள். இரண்டாம் பக்கம். மூன்றாம் பாட்டு முடிந்து நான்காம் பாட்டு தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளி. சின்ன இடம்தான். ஆனால் தனி இடம்.

போதகர் ஐயாவிடம் முறைப்படி தெரிவித்தேன்.

"வசதியா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நெருக்கடிதான் ஐயா."

"காத்தோட்டம்?"

"அது பரவாயில்ல."

தட்டின் மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெரம்பூரில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. அன்றைக்கு மூன்றாம் மாடியில் இருந்தது. முழங்கால் வலியோடு ஏறினேன்.

தட்டு ஓர் இங்கிலாந்து ராக் குழுவுடையது. அட்டையில் நாலு பேர் மழையில் நனைந்த பாலத்தின் மேல் நிற்பார்கள். மூன்று பேர் நம்மைப் பார்ப்பார்கள். டிரம் வாசிப்பவர் மட்டும் ஆற்றைப் பார்ப்பார். கல்லூரிக் காலத்தில் மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். கல்கத்தாவில் அச்சடித்தது. கல்யாணமான மறுவாரம் எமிலிக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவள் நாசரேத்துக்காரி. ஆலயத்தில் பாடகர் குழுவில் பாடியவள். முதல் பாட்டு முடியும்வரை மரியாதைக்குப் பொறுத்திருந்தாள்.

"இதுக்கு ஒரு இரும்புக்கடை வச்சிருக்கலாம்லா?" என்றாள்.

பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தாள். டிரம்காரர் அவளுடைய சாயர்புரம் சித்தப்பா மாதிரி இருக்கிறார் என்றாள். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் சித்தப்பா ஆகிவிட்டார்.

"சித்தப்பா இன்னைக்கு ரொம்பக் கோவமா இருக்காரு போல. சத்தத்தக் கொறைங்க."

நாற்பது வருஷ இல்லறம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடியது. அவள் அடுக்களையிலிருந்து சொல்வாள். நான் குமிழை ஒரு கோடு இறக்குவேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கோடு ஏற்றுவேன். அவளுக்குத் தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது என்பாள். அதையும் அடுக்களையிலிருந்துதான் சொல்வாள்.

ஆஸ்பத்திரியில், கடைசி நாளன்று, அவள் மூக்குக்கும் வாய்க்கும் மேலே ஆக்ஸிஜன் மூடி இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. மூடிக்குள் ஆவி படிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. "என்ன எமிலி?" என்றேன். அவள் திரும்பச் சொல்லவில்லை. சொன்னதைத் திரும்பச் சொல்லும் பழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது.

நான் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, வரும் சத்தத்தைக் கேட்டு, உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வேன். என் காதை நம்பி எத்தனையோ பேர் டில்லி வரைக்கும் தூங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். என் பெண்டாட்டி சொன்ன ஒரு வாக்கியம் எனக்குக் கேட்கவில்லை.

அந்த வாக்கியத்தைத்தான் அவள் தட்டிலும் சொல்கிறாள். ஊசி அந்த இடைவெளியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தடவை சொல்கிறாள். ஆனால் கல்கத்தாத் தட்டு பழையது. அப்பளம் பொரிகிற சத்தம் ஓயாமல் வரும். அதற்கு அடியில் எமிலி. குரல் அவளுடையதுதான். சொல் மட்டும் பிடிபடவில்லை.

கீழ்வீட்டுப் பத்மநாபன் தினமும் விசாரிப்பார். அவர் பென்ஷன் வாங்க ஆரம்பித்த மாதத்திலிருந்து சுற்றுகிறார். நின்ற இடத்திலேயே, வலப்பக்கமாக, நிதானமாக. தரை தேய்கிறது என்று அவர் மனைவி காலுக்கடியில் ஒரு ரப்பர் பாய் போட்டிருக்கிறார். முகம் நம் பக்கம் வரும்போது பேசிவிட வேண்டும்.

"என்ன ஜெயசீலன் சார், கேட்டுதா?"

முதுகு வந்தது. காத்திருந்தேன். முகம் வந்தது.

"இல்ல சார்."

"அவங்க வேற என்ன…"

முதுகு. சட்டைக் காலரில் சலவைக்காரர் குறி இருந்தது. முகம்.

"…சொல்லிருக்கப் போறாங்க? சத்தத்தக் கொறைங்கன்னுதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நாங்களே எத்தன தடவ…"

மீதியை அவர் சுவரிடம் சொன்னார்.

இனிச் சொல்லப்போவது எங்களைப் போன்ற இசைத்தட்டுப் பைத்தியங்களுக்குத்தான் சட்டென்று புரியும். ஒரே இசைத்தட்டு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. எந்த நாட்டில் அச்சடித்தார்கள், எந்த வருஷம், அச்சு புதிதாக இருந்ததா தேய்ந்திருந்ததா, எல்லாம் பார்க்கவேண்டும். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் ஊசியால் கீறின மாதிரி சில எழுத்துகள் இருக்கும். அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி நாங்கள் வாரக்கணக்கில் பேசுவோம். சத்தமில்லாத தட்டுதான் நல்ல தட்டு. இடைவெளியில் ஊசி ஓடுவதே தெரியக் கூடாது.

ஆகவே எமிலி சொல்வது கேட்க அதே தட்டின் இன்னும் நல்ல பிரதி வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மொய்தீன் பாய் கடைக்குப் போனேன்.

மூர் மார்க்கெட் எரிந்து பல காலம் ஆகிறது. ஆனாலும் மொய்தீன் பாய் கடை அதற்குள்தான் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கி, கூட்டம் போகாத பக்கமாகப் போகவேண்டும். கடை என்பது ஒரே ஒரு நடைபாதை. அது வட்டமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் தட்டுகள். வெளிவட்டத்தில் நாம் பேசுவது தெளிவாகக் கேட்கும். உள்ளே போகப் போகக் குரல் நசுங்கும். தட்டிலும் அப்படித்தான், கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் நசுங்கித்தான் கேட்கும். நடுவில், தட்டில் ஓட்டை இருக்கிற இடத்தில், பாய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை.

"யாரு சார் போய்ட்டது?"

"என் சம்சாரம்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டாம் பக்கம்."

"ரெண்டாம் பக்கம் நல்ல பக்கம் சார். வெயில் வராது."

பாய் காசு வாங்கமாட்டார். மாற்றுதான். கையில் இருக்கிற தட்டைக் கொடுக்கவேண்டும். கூடவே வீட்டிலிருந்து ஒரு சத்தமும் கொடுக்கவேண்டும்.

சத்தத்துக்கு என் வீட்டில் பஞ்சமில்லை. எமிலி போன பிறகும் அவளுடைய சத்தங்கள் வீட்டிலேயே இருந்தன. யாரும் வந்து எடுத்துப் போகவில்லை. காலையில் தேங்காய் துருவும் சத்தம். பீரோ சாவிக்கொத்து. மாடிப்படியில் ஏறிவரும் ரப்பர் செருப்பு. குளியலறையில் ஓர் இருமல். இவை தம் பாட்டுக்கு, அந்தந்த நேரத்துக்கு வந்து போயின. உண்மையைச் சொன்னால் எனக்கு இடைஞ்சலாகக்கூட இருந்தது. சேகரிப்பவர்கள் நாங்கள் தட்டு கேட்கும்போது மின்விசிறியை நிறுத்துவோம். ஃபிரிட்ஜை அணைப்போம். பால் திரிந்துபோகும், பரவாயில்லை.

தேங்காய் துருவும் சத்தத்தை டிபன் டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். பாய் மூடியைத் திறந்து காதில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாப் புழங்கின சத்தம்," என்றார்.

கல்கத்தாத் தட்டையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டு இங்கிலாந்தில் அச்சடித்த தட்டைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டேன். எமிலி இருந்தாள். ஆனால் அடுத்த அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

சாவிக்கொத்தைக் கொடுத்தேன். ஜெர்மனித் தட்டு கிடைத்தது. அதில் குரல் கணீரென்று வந்தது. ஆனால் பாங்க்கில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினாள். நடுவில் ஒரு சொல் பிடிபட்டது.

"ரொம்ப."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாழ்ந்தேன். ரொம்ப வலிக்கிறதா. ரொம்பப் பசிக்கிறதா. உங்களை எனக்கு ரொம்ப என்று தொடங்கும் வாக்கியமா. நாற்பது வருஷத்தில் அப்படியெல்லாம் அவள் பேசினதில்லை, நானும் பேசினதில்லை. ஆனால் கடைசி நாளில் மனிதர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். பத்மநாபனிடம் சொன்னேன்.

"ரொம்ப சத்தமா இருக்குன்னு…" என்றார். முதுகு வந்தது.

செருப்புச் சத்தத்தைக் கொடுத்தேன். ஜப்பான் தட்டு கிடைத்தது. ஜப்பான்காரர்கள் அச்சடித்தால் அதில் தூசி விழவே பயப்படும் என்பார்கள். சரிதான். எமிலி பேசுவதற்கு முன் இழுக்கும் மூச்சு அப்படியே கேட்டது. அந்த மூச்சுக்கு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அதற்கடுத்து வந்த வாக்கியம் மூச்சைவிட மெல்லியதாக இருந்தது. ஜெர்மனியில் கிடைத்த 'ரொம்ப'வும் இதில் காணோம்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். தட்டு அமைதியாக அமைதியாக அவளும் அமைதியாகிறாள் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். சேகரிப்பவனுக்குத் தெரியாது. இதைவிட நல்ல பிரதி எங்கேயோ இருக்கிறது என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

"இருக்கு சார்," என்றார் பாய். "வெள்ளை லேபிள்."

வெள்ளை லேபிள் என்றால் ஆலையில் சரிபார்ப்பதற்காக முதன்முதலில் அச்சடித்த தட்டு. பெயர்கூடப் போட்டிருக்காது. அச்சு புத்தம் புதிதாக இருக்கும்போது எடுத்தது. அதற்கு மேலே போக இடம் கிடையாது.

"வூட்ல இன்னா மிச்சம் இருக்கு?"

"ஒரு இருமல் இருக்கு."

"குடு."

"காலைலதான் வரும்."

"பிடிச்சுகினு வா. வெயிட் பண்றேன்."

மறுநாள் காலையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றேன். இருமல் வந்தது. டப்பாவைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கியது. பிறகு தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எமிலி எப்போதும் என் தட்டுகளுக்கு வழிவிட்டவள்தான். புதுத் தட்டு அலமாரி வந்தபோது தையல் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டவள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வெள்ளை லேபிளைப் போட்டேன். வீட்டில் ஒரு சத்தமில்லை. அணைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அப்படி ஒரு தட்டை நான் கேட்டதே கிடையாது. சித்தப்பாவின் நாற்காலி கிரீச்சிடுவது கேட்டது. பாடகர் எச்சில் விழுங்குவது கேட்டது. மூன்றாம் பாட்டு முடிந்தது. இடைவெளி வந்தது.

ஒன்றுமில்லை.

மூச்சில்லை. மூச்சுக்கு முன்னால் வரும் அசைவில்லை. ஊசி ஓடுவதே தெரியவில்லை. குற்றம் சொல்ல முடியாத இடைவெளி. நான் கேட்டதிலேயே சிறந்த இடைவெளி. எமிலி அங்கே இல்லை. அங்கே யாருமே குடிவந்ததில்லை.

மறுபடியும் போட்டேன். மறுபடியும் போட்டேன். பிறகு அடுக்களைக்குப் போய்த் தேங்காய் துருவியை எடுத்து உருட்டிப் பார்த்தேன். அது சத்தம் போடவில்லை. பீரோ சாவியைக் குலுக்கினேன். பஞ்சைக் குலுக்குவது மாதிரி இருந்தது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுதது எனக்கு நன்றாகக் கேட்டது. வீடு முழுக்க அது ஒன்றுதான் கேட்டது.

வெள்ளை லேபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாய் கடைக்கு ஓடினேன். நடைபாதையில் வட்டங்கள் கூடியிருந்தன. நடந்தேன், நடந்தேன், ஒரே தட்டு அலமாரிக்கே திரும்பத் திரும்ப வந்தேன். ஓர் இடத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் எமிலியின் சாவிக்கொத்துச் சத்தத்தை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரிஜினலா சார் இது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரிஜினல்தான்."

"தேய்மானம் இருக்கே?"

"நாற்பது வருஷம் இடுப்புல இருந்தது."

அவர் திருப்தியாகத் தலையாட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளிவட்டத்துப் பக்கம் போனார். தடுக்க வாயெடுத்தேன். அவ்வளவு உள்ளே என் குரல் நசுங்கிவிட்டது.

நடுவில் பாய் உட்கார்ந்திருந்தார்.

"கல்கத்தாத் தட்டு எங்க பாய்?"

"எது?"

"மொதல்ல குடுத்தது. அப்பளம் பொரியறது."

பாய் யோசித்தார். பிறகு பக்கத்திலிருந்த பானையைப் பார்த்தார். பானையின் மேல் மூடியாக ஒரு தட்டு இருந்தது. அதன் மேல் அலுமினிய டம்ளர் கவிழ்த்திருந்தது. டம்ளரை எடுத்தேன். லேபிளில் கல்யாணத்துக்கு முன்னால் நான் போட்ட கையெழுத்து தண்ணீரில் பாதி அழிந்திருந்தது.

"இத எடுத்தினா பானைய இன்னாத்தால மூடறது?" என்றார் பாய்.

வெள்ளை லேபிளைக் கொடுத்தேன். உலகத்திலேயே ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும், அதில் ஒன்று. அவர் அதைப் பானையின் மேல் வைத்து டம்ளரைக் கவிழ்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"இருமல் இருக்கா பாய்?"

"அது காலைலயே போய்ட்ச்சு சார். நல்ல பார்ட்டி."

வீட்டுக்கு வந்து தட்டை வேட்டியால் துடைத்தேன். டம்ளர் வட்டம் வட்டமாகத் தேய்த்திருந்தது. ஒரு பாட்டும் மிச்சமில்லை. இரண்டாம் பக்கத்தில் பாட்டு இருந்த இடமெல்லாம் வழித்துக்கொண்டு போயிருந்தது. இடைவெளி மட்டும் இருந்தது. அது ஓரத்திலிருந்து லேபிள் வரைக்கும் பரவியிருந்தது. எமிலிக்கு இப்போது தாராளமான இடம்.

ஊசியை வைத்தேன். அப்பளம் பொரிய ஆரம்பித்தது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்ததும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது. பிறகு எமிலி, அடுக்களையிலிருந்து சொல்வதுபோல, தெளிவாகச் சொன்னாள்.

"ரொம்ப அமைதியா இருக்குங்க. பயமா வருது. அந்த இரும்புக்கடைப் பாட்டக் கொஞ்சம் போடுங்களேன்."

அவ்வளவுதான். திரும்பச் சொல்லவில்லை.

நாற்பது வருஷத்தில் அவள் என்னைப் பாட்டுப் போடச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று அன்றைக்கு அறையில் இருந்த எல்லாரையும் பேசவேண்டாம் என்று நான்தான் கையைக் காட்டியிருந்தேன். நர்ஸம்மாகூட நுனிக்காலில் நடந்தார். அந்த அமைதியில் அவள் பயந்திருக்கிறாள். எமிலி, எனக்குத் தெரியாமல் போயிற்றே, அம்மா.

போடலாம் என்றால் தட்டின் எந்தப் பக்கத்திலும் பாட்டு இல்லை. அலமாரியைத் திறந்தேன். இத்தனை வருஷம் சேர்த்த மற்றத் தட்டுகள் எல்லாம் இருந்தன. எல்லாம் ஒழுங்காக, உறையோடு, தூசியில்லாமல் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அவை எல்லாம் மிக நல்ல பிரதிகளாக மாறியிருந்தன. ஒன்றிலும் சத்தம் வரவில்லை.

ஆகவே நானே பாடினேன்.

நான் பாடினதில்லை. ஆலயத்தில்கூட உதட்டை மட்டும் அசைப்பேன். அதோடு எனக்கு அந்தப் பாட்டின் வார்த்தைகள் தெரியாது. எந்த ஊரில் அச்சடித்தார்கள், லேபிள் ஓரத்தில் என்ன எழுத்து கீறியிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். வார்த்தைகளைக் கவனித்ததில்லை. முதல் வரி தெரியும். இரண்டாம் வரியில் ஓர் ஆறு வரும். மிச்சத்தை வாயில் வந்தபடி பாடினேன். கட்டிலுக்கடியிலிருந்து பட்டறைச் சுத்தியலை எடுத்துவந்து, சித்தப்பாவின் பங்குக்குக் குக்கர் மூடியைத் தட்டினேன். மூடியில் விரிசல் எதுவும் இல்லை என்று காது தன்பாட்டுக்குச் சொன்னது. இன்னும் பலமாகத் தட்டினேன்.

இரண்டாம் பக்கத்தை முதலிலிருந்து பாடிவந்து மூன்றாம் பாட்டை முடித்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். பத்மநாபன். மாடிப்படியெல்லாம் சுற்றிக்கொண்டே ஏறிவந்திருக்கிறார். ரப்பர் பாயையும் கையோடு கொண்டுவந்து வாசலில் போட்டு அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், சத்தத்தக் கொஞ்சம்…"

முதுகு. முகம்.

"…கொறைங்க."

"எமிலி சொல்லட்டும் சார். கொறைக்கிறேன்."

இருவரும் காத்திருந்தோம். அவர் ஒரு சுற்று சுற்றி வந்தார். உள்ளே தட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. அடுக்களைப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் சத்தமாக நான்காம் பாட்டைத் தொடங்கினேன்.